ஆற்றும் கை: டாரோட்டின் 14-ஆம் அட்டையை வாசிக்கும் முறை

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று, ஆற்றுகிறவரின் கைகளை வடிவாகப் பாருங்கள். ஒரு கை மேலே போகும், மறு கை கீழே இறங்கும், இரண்டுக்கும் நடுவில் தேத்தண்ணி ஒரு கயிறுபோல இழுபடும். அடுத்த கணம் கைகள் இடம் மாறும். குறி பார்க்கப் பயன்படும் 78 படச் சீட்டுகளான டாரோட் கட்டின் 14-ஆம் அட்டையான டெம்பரன்ஸில் வரையப்பட்டிருப்பது இந்தச் செயல்தான். சிறகுள்ள ஒரு தேவதூதர் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

சமநிலை என்றதும் பலரின் மனதில் தராசுதான் வரும். தராசு இதே கட்டில் ஜஸ்டிஸ் அட்டையில் தனியாக இருக்கிறது. அங்கே இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று தொடாமல் தொங்குகின்றன. டெம்பரன்ஸில் இரண்டு கிண்ணங்களும் ஒன்றின் உள்ளே இருப்பதை மற்றொன்றுக்குக் கொடுத்து வாங்குகின்றன. இந்த வேறுபாடு பிடிபட்டால் அட்டையின் பாதி பொருள் கைக்கு வந்துவிடும்.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். டெம்பரன்ஸ் என்ற சொல் கொழும்பில் வேறொரு நினைவையும் எழுப்பும். 1904-லும் 1912-லும் இலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்துக்கு ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அதனால் இந்த அட்டை வந்தவுடன் ‘குடியை விடு’, ‘ஆசையை அடக்கு’ என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அட்டையின் மூலம் அது அல்ல. ‘தெம்பெராரே’ என்ற லத்தீன் வினைக்கு, வேண்டிய அளவில் கலப்பது, பதப்படுத்துவது என்று பொருள். இடைக்கால ஐரோப்பியச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் இந்த நற்பண்பு பெண் உருவமாக வரும். அவள் கையில் இரண்டு பாத்திரங்கள் இருக்கும், வைனில் தண்ணீர் கலப்பாள். வைனைக் கீழே கொட்டுவதில்லை.

தமிழில் இதை நிதானம், மிதம், தன்னடக்கம் என்று பலவாறு எழுதுகிறார்கள். மூன்றும் தவறில்லை. ஆனால் ‘ஆற்றுதல்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் அளவுக்கு இந்த அட்டை வேறெந்தச் சொல்லிலும் அடங்கவில்லை. சூட்டை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது, துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்கிறோம், அவசரப்படுகிறவரிடம் ‘ஆறுதலாக வாங்கோ’ என்கிறோம். சூடு தணிதல், குணமாதல், தேற்றுதல், அவசரமின்மை என்ற நான்கும் இந்த அட்டையின் நேர்ப்பொருள்கள். தமிழில் வாசிப்பவருக்கு இது ஒரு கொடை. விளக்கப் புத்தகத்தைத் திறக்கும் முன் இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டு, எந்தப் படம்

டாரோட் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஒரு சீட்டு விளையாட்டாகப் பிறந்தது. குறி பார்க்கும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் வலுப்பெற்றது. இங்கே சொல்லப்படும் படம் 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டிலுள்ளது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வடிவமைக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். உங்கள் கையிலுள்ள கட்டு இந்த மரபைச் சேர்ந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 8-ஆம் எண்ணில் சிங்கத்தோடு நிற்கும் ஸ்ட்ரென்த் அட்டையும் 11-ஆம் எண்ணில் ஜஸ்டிஸும் இருந்தால் இதே மரபு. இரண்டும் இடம் மாறியிருந்தால் அது பிரான்சின் பழைய மார்செய் வரிசை. அதிலும் டெம்பரன்ஸ் 14 தான், ஆனால் கீழே விவரிக்கும் பாதையும் ஒளியும் அதில் இராது. ஆங்கிலேய மறைஞான எழுத்தாளர் அலிஸ்டர் குரோலியின் தோத் கட்டில் இந்த அட்டைக்கு ‘ஆர்ட்’ என்று பெயர். அதில் ஓர் உருவம் நெருப்பையும் நீரையும் ஒரு கொப்பரையில் ஊற்றும். சிங்கம் வெள்ளையாகவும் கழுகு சிவப்பாகவும் இருக்கும். அதை வாசிக்கும் வழி வேறு. தொடக்கத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

படத்தைப் பார்க்கும் வரிசை

முதலில் கால்கள். ஒரு கால் தரையில், ஒரு கால் குளத்து நீரில். தரை என்பது நாள்தோறும் நடக்கிற வாழ்க்கை: வாடகை, வேலை, உடம்பு. நீர் என்பது உணர்ச்சி, கனவு, உள்மனம். தண்ணீரில் இருக்கும் கால் ஆழத்துக்குள் இறங்கவில்லை, விளிம்பில்தான் நிற்கிறது. காலிமுகத்திடலில் அலை காலைத் தொட்டுப் போகும் இடத்தில் நின்றிருப்பவர்களுக்கு அந்த நிலை உடனே புரியும். ஒரு காலடியில் மணல் நழுவும், மறு கால் உறுதியாக இருக்கும், உடல் தானாகவே எடையை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து கைகள். நீர் நேராகக் கீழே விழாமல் சாய்வாகப் போகிறது. உலகத்தில் நீர் அப்படி ஓடாது. இங்கே கலக்கப்படுவது வெறும் தண்ணீர் அல்ல என்பதற்கு அதுவே குறிப்பு: சூடும் குளிரும், விருப்பும் கடமையும், புத்தியும் உணர்வும். கிண்ணங்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே. கணத்துக்குக் கணம் அவை இடம் மாறும் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். ‘எது உயர்ந்தது’ என்ற கேள்வியே அப்போது விழுந்துவிடும்.

பிறகு மார்பு. வெள்ளை அங்கியில் ஒரு சதுரம், அதற்குள் ஒரு முக்கோணம். சதுரம் நான்கு, முக்கோணம் மூன்று, கூட்டினால் ஏழு. சதுரம் பூமி, உடல், நான்கு பூதங்களைக் குறிக்கும். முக்கோணம் மேல்நோக்கி எழும் ஆன்மா. ஆன்மா உடலைக் கிழித்துக்கொண்டு வெளியே போகவில்லை, அதற்குள்ளேயே எழுந்து நிற்கிறது. சதுரத்துக்கு மேலே அங்கியின் மடிப்பில் சில எபிரேய எழுத்துகள் உள்ளன. யூத மரபில் இறைவனின் திருப்பெயர் அது. வீட்டில் வேறு மதத்தவர் இருந்தால் இதை மரியாதையோடு சொல்லுங்கள். விளையாட்டாக உச்சரிக்க வேண்டிய பெயர் அல்ல.

நெற்றியில் நடுவில் புள்ளியோடு ஒரு வட்டம். இது சூரியனின் குறி, இரசவாதத்தில் பொன்னின் குறியும் இதுவே. சிறகுகள் செந்நிறம். நெருப்பும் நீரும் ஒரே உருவத்தில் சேர்ந்திருப்பது இங்கேதான். இந்த உருவத்தை ஆண் என்றோ பெண் என்றோ வெயிட் பிரிக்கவில்லை. அர்த்தநாரீசுவரரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதாக இராது. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். நம் கோவில் உருவத்துக்கு அதற்கென்று ஒரு தத்துவம் இருக்கிறது, இந்தப் படம் கிறிஸ்தவ, யூத, இரசவாத மரபுகளின் கலவை. பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒன்றை மற்றொன்றின் மேல் ஒட்டக் கூடாது.

கடைசியாகப் பின்னணி. குளக்கரையில் ஐரிஸ் பூக்கள். கிரேக்க மரபில் ஐரிஸ் வானவில்லின் தேவதை, வானுக்கும் மண்ணுக்கும் இடையே தூது போகிறவள். குளத்திலிருந்து ஒரு பாதை தொலைவிலுள்ள மலைகளை நோக்கிப் போகிறது. அதன் முடிவில் பெரிய ஒளி, அதற்குள் மங்கலாக ஒரு கிரீடம். பாதை நீரிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆன்மிகம் மலையுச்சியில் இருக்கிறது என்று கால் நனையாமல் ஏறப் புறப்படுபவர்களுக்கு இந்தப் படம் வேறொரு வழியைக் காட்டுகிறது.

கையால் செய்து பார்த்தல்

ஆயிரம் விளக்கம் படிப்பதைவிட இதை ஒருமுறை செய்வது மேல். இரண்டு சில்வர் டம்ளர் எடுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 மில்லிலீட்டர் கொள்ள வேண்டும். ஒன்றில் பாதியளவு, அதாவது 100 மில்லிலீட்டர், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். மற்றது வெறுமை. அகன்ற தட்டு ஒன்றைக் கீழே வைத்து, டம்ளர்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளியில் தொடங்கி, 14 முறை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். பிறகு சூட்டைத் தொட்டுப் பாருங்கள், தட்டில் எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்த தடவை இரண்டு டம்ளரையும் விளிம்புவரை நிரப்பிவிட்டு முயலுங்கள். முதல் சாய்விலேயே கொட்டிவிடும். வாங்குகிற பாத்திரத்தில் இடம் இல்லாவிட்டால் ஆற்றவே முடியாது. டாரோட் வரிசையில் 13-ஆம் எண்ணான டெத் அட்டைக்குப் பிறகு டெம்பரன்ஸ் வருவதன் காரணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. 13 காலியாக்குகிறது, 14 கலக்கிறது. அடுத்து வரும் 15-ஆம் அட்டையான டெவிலில் இருவர் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிறார்கள். கலப்பு நின்று, ஒரே பாத்திரத்தில் எல்லாம் தேங்கிவிட்ட நிலை அது. அந்தச் சங்கிலிகள் தளர்வாக இருப்பதையும் பாருங்கள்.

வாசிப்பில் இந்த அட்டை வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: வாங்க வேண்டிய கிண்ணத்தில் இடம் இருக்கிறதா? நாள் முழுவதும் நிரம்பி வழிகிறவரிடம் ‘தியானமும் செய்யுங்கள்’ என்று சொன்னால் அது இன்னொரு சுமையாகத்தான் போய்ச் சேரும். முதலில் எதைக் குறைப்பது என்று கேளுங்கள்.

மூச்சோடும் இதைச் செய்யலாம். அட்டையைக் கண் மட்டத்தில் இரண்டடி தள்ளிச் சாய்த்து வையுங்கள். விளக்கை அட்டைக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் படம் இருண்டுவிடும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுக்கும்போது கண் கீழ்க் கிண்ணத்திலிருந்து மேல் கிண்ணத்துக்குப் போகட்டும், நான்கு எண்ணும்வரை விடும்போது இறங்கட்டும். இப்படி 14 சுற்று. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சை அடக்கி நிறுத்த வேண்டாம், தலை சுற்றும். பெரும்பாலும் ஏழாம் எட்டாம் சுற்றில் மனம் வேறெங்கோ போய்விடும். போனது எந்த விஷயத்துக்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சூடான கிண்ணம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

ஐந்து அட்டை விரிப்பு

டெம்பரன்ஸ் அட்டையைக் கட்டிலிருந்து எடுத்து நடுவில் வையுங்கள். மிச்சம் 77. புதிய கட்டு என்றால் அட்டைகள் எண் வரிசையில்தான் வரும், கையில் வைத்து நாலு தடவை குலைத்தால் அந்த வரிசை கலையாது. துணியில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கைகளாலும் மூன்று நான்கு நிமிடம் வட்டமாகக் கலக்குங்கள். தலைகீழ் அட்டைகளும் வேண்டுமென்றால் பாதிக் கட்டை ஒருமுறை திருப்பிவிட்டுக் கலக்குங்கள். வழக்கமான டாரோட் அட்டை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். 50 சென்டிமீட்டர் சதுரத் துணி இந்த விரிப்புக்குப் போதும்.

நடு அட்டையின் இடப்பக்கம் ஒன்று: இப்போது மிஞ்சி நிற்பது. வலப்பக்கம் ஒன்று: குறைந்து போனது. கீழே இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்: முதலாவது தரையிலுள்ள கால், நம்பி நிற்கக்கூடியது, இரண்டாவது நீரிலுள்ள கால், உள்ளுக்குள் அசைகிறது. ஐந்தாவதை டெம்பரன்ஸின் மேலேயே குறுக்காக வையுங்கள். அதுதான் தாரை, ஊற்றும் விதம். தாரையைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும். முதலிலேயே திருப்பினால் அறிவுரை வந்துவிடும், பிரச்சினை என்னவென்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு மாதிரி வாசிப்பு. கோல், வாள், நாணயம், கிண்ணம் என்பவை கட்டிலுள்ள நான்கு வகைகள், ஒவ்வொன்றிலும் எண் அட்டைகளும் குதிரை வீரன் போன்ற ஆள் அட்டைகளும் உண்டு. பகலில் கோட்டையில் அலுவலகம், மாலையில் வகுப்பு, வீட்டுக்கு வர இரவு ஒன்பது மணி. இப்படி இருப்பவர் ‘படிப்பை விடவா, வேலையை விடவா’ என்று கேட்கிறார் என்று வைப்போம். இடப்பக்கம் கோல் பத்து: முகம் மறைய விறகுக் கட்டைச் சுமந்து குனிந்து நடக்கும் ஆள். வலப்பக்கம் வாள் நான்கு: கைகூப்பிப் படுத்திருக்கும் வீரன், ஓய்வு. தரையில் நாணயம் எட்டு: ஒவ்வொன்றாகக் காசு செதுக்கும் தொழிலாளி. நீரில் கிண்ணம் ஐந்து: கவிழ்ந்த மூன்று கிண்ணங்களைப் பார்த்துக் கவலைப்படுகிறவர், பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்பதைக் காணாதவர். தாரையில் நாணயங்களின் குதிரை வீரன்.

நான்கு குதிரை வீரர்களில் இவனுடைய குதிரை மட்டும்தான் அசையாமல் நிற்கிறது, முன்னால் உழுத வயல். ஆகவே இங்கே பதில் வேலையா படிப்பா என்பதல்ல. கேட்டவரின் திறமை, அந்த நாணயம் எட்டு, உறுதியான தரை. ஓய்வுதான் வற்றியிருக்கிறது. குதிரை வீரன் சொல்வது பெரிய தாவல் வேண்டாம், ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் கொஞ்சம் ஊற்று என்று. நடைமுறையில் இரவு உணவுக்குப் பிறகு 20 நிமிடம் தொலைபேசி இல்லாமல் இருப்பது, வகுப்பில்லாத ஒரு நாளை வாரத்தில் முழுதாக விடுவது. இந்த அளவுக்குச் சிறியதாகவும் எண்ணிச் செய்யக்கூடியதாகவும் இல்லாவிட்டால் அது டெம்பரன்ஸின் ஆலோசனை ஆகாது.

பங்கு சமமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பால் தேத்தண்ணியில் பாலும் சாயமும் பாதிக்குப் பாதியா கலக்கிறோம்? குடிக்கிறவருக்கு ஏற்ற பதம் என்று ஒன்று இருக்கிறது. ‘இரண்டுக்கும் சமமாக நேரம் ஒதுக்குங்கள்’ என்பது இந்த அட்டைக்குச் சொல்லப்படும் மிகச் சோம்பலான விளக்கம்.

தலைகீழாக வந்தால்

அட்டையைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், கிண்ணங்கள் கவிழ்ந்துவிடும். மூன்று வகையாக இதை வாசிக்கலாம். நீர் சிந்துகிறது: அளவு மீறல், செலவு, தூக்கக் கேடு. ஊற்றுவது நின்றுவிட்டது: இருவர் பேச்சு முறிந்திருப்பது, ஒருவர் தன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது. சேராததைச் சேர்க்கிறோம்: வெயிட் தலைகீழ்ப் பொருளாகச் சொன்ன பொருந்தாக் கூட்டும் மோதும் நலன்களும் இந்த வகை. எது என்பதைப் பக்கத்து அட்டைதான் முடிவு செய்யும். டெவில் அருகே வந்தால் முதலாவது. வாள் இரண்டு, கண் கட்டிய பெண், வந்தால் இரண்டாவது. வாள் ஏழோ கோல் ஐந்தோ வந்தால் மூன்றாவது. இடிந்து விழும் கோபுரத்தைக் காட்டும் டவர் அட்டை அருகே வந்தால் மட்டும் பொறுங்கள். இடிந்துகொண்டிருக்கும் இடத்தில் ஆற்றுவதற்கு நேரமில்லை, முதலில் வெளியே வரவேண்டும்.

அடிக்கடி நடக்கும் இரண்டு பிழைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, 17-ஆம் அட்டையான ஸ்டாரோடு குழப்புவது. அங்கேயும் இரண்டு பாத்திரம், நீரில் ஒரு கால். ஆனால் அந்தப் பெண் ஒன்றைக் குளத்திலும் ஒன்றைத் தரையிலும் ஊற்றிவிடுகிறாள், எதுவும் அவளிடம் திரும்பி வருவதில்லை. அது கொடுத்துவிட்டுக் குணமாகும் நிலை. டெம்பரன்ஸில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

மற்றது நம் ஊருக்கே உரிய பிழை. கோல்டன் டான் என்ற பிரித்தானிய மறைஞானச் சங்கத்தின் மரபு இந்த அட்டையைத் தனுசு ராசிக்குக் கொடுத்தது. அந்தத் தனுசு மேற்கத்திய கணக்கு, ஏறக்குறைய நவம்பர் 22 முதல் டிசம்பர் 21 வரை. நம் பஞ்சாங்கத்தில் சூரியன் தனுசில் நிற்பது மார்கழியில், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை. ‘எப்போது நடக்கும்’ என்ற கேள்விக்கு இந்த அட்டையை வைத்துக் காலம் சொல்பவர்கள் இரண்டையும் கலந்து ஒரு மாதம் பிழையாகச் சொல்லிவிடுகிறார்கள். சாதகத்தில் தனுசு ராசி என்பவரிடம் ‘இது உங்கள் அட்டை’ என்று சொல்வதும் அப்படித்தான். சாதகத்தில் ராசி என்பது சந்திரன் நின்ற இடம்.

நோய் பற்றிக் கேட்டு இந்த அட்டை வந்தால், மருந்தின் அளவைக் குறைக்கவோ கூட்டவோ ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். கலக்கும் அட்டை என்பதால் அந்த ஆசை வரும். அது மருத்துவரின் வேலை. குறி பார்ப்பதைத் தங்கள் சமயம் ஏற்காது என்று சொல்பவரை வற்புறுத்தவும் வேண்டாம், படத்தைப் பற்றி மட்டும் கதைக்கலாம்.

முடிந்ததும் டெம்பரன்ஸைக் கட்டுக்குள் திருப்பி வைக்க மறக்காதீர்கள். 77 அட்டையோடு அடுத்த வாசிப்புக்குப் போவது பலருக்கும் நடக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் கடல் பக்கத்து வீடுகளில், அட்டைகள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஓரம் வளையும். மூடியுள்ள பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வளைந்தவற்றை இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவில் இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். வெயிலில் காயவைக்க வேண்டாம், மேல்பூச்சு வெடிக்கும். சாம்பிராணிப் புகை நேராகப் படும் இடத்திலும் வைக்காதீர்கள், வெள்ளை அங்கிதான் முதலில் மஞ்சளாகும்.